தளி ரோட்டில் பஸ்ஸை நிறுத்தியவர்

எனக்குக் குரல் மெல்லிசு. பொம்பளைக் குரல் என்று ஊரே முடிவு செய்திருந்தது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் தேடிக்கொண்ட வேலை பஸ் கண்டக்டர். ஐம்பதுகளின் நடுவில், தளிக்கும் ஓசூருக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் இருந்தேன். வயது இருபத்து நாலு.

காலையில் தளியிலிருந்து திரும்பும்போது, வழியில் ஒரு கிராமத்தில் நிலக்காரர் ஒருவரின் மகனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் ஏறுவார்கள். நான் "ரைட்" என்றால், பின்சீட்டிலிருந்து நாலு பேரும் அதே குரலில் இழுத்து "ரைய்ய்ட்" என்பார்கள். நெரிசலில் நான் நகரும்போது இடுப்பைக் கிள்ளுவார்கள். பஸ்ஸே சிரிக்கும். டிரைவர்களும் சிரிப்பார்கள். சீக்கிரம் முடியட்டும் என்று சில நாள் நானும் சிரித்துவைப்பேன்.

ஒரு தை மாதம் புது டிரைவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட நாலு வயது மூத்தவர். கன்னடம் தெரியாது, தெலுங்கு தெரியாது, எங்கள் தமிழும் பாதிதான் புரிந்தது. தளிக் குளிர் அவருக்கு ஆகவேயில்லை. தலையில் துண்டைச் சுற்றி, அதன்மேல் தொப்பியை அழுத்திக்கொண்டு ஓட்டினார். மூன்று நாள் பின்சீட்டுக் கூச்சலைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். நாலாம் நாள் "ரைய்ய்ட்" கேட்டதும், கிளம்பிய பஸ்ஸை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார். இறங்கிப் பின்பக்கம் வந்தார்.

"எவம்ல கத்துனது?"

நாலு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"ஆளு தெரியுத வரைக்கும் வண்டி போவாது." போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

பஸ்ஸில் பெண் பார்க்கப் போகும் கும்பல் ஒன்று இருந்தது. கோர்ட்டில் வாய்தா உள்ள ஒருவர் இருந்தார். எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள். அரைமணி நேரம் திட்டு வாங்கிவிட்டு மரத்தடிக்குப் போனேன்.

"வுட்டுடுங்கண்ணா. எனக்கு இதெல்லாம் பழக்கந்தான்."

"எனக்குப் பழக்கமில்லயே," என்றார்.

அப்போது பூக்கூடைக்காரி ஒருத்தி கீழே இறங்கினாள். ஓசூர்ச் சந்தைக்குப் பூ வாடிப் போகிற கவலை அவளுக்கு. நிலக்காரர் மகனைக் கைநீட்டிக் காட்டிக் கன்னடத்தில் பொரிந்து தள்ளினாள். டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லுதா?"

மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை. "அவன்தான் கத்தறானாம். தெனமும் கத்தறானாம். இடுப்பக் கிள்ளறானாம். நல்ல புள்ள, பாவம்னு சொல்லுது."

"யாரு நல்ல புள்ள?"

"நாந்தாங்கண்ணா."

அவர் சிரிக்கவில்லை. ஏறிப் போய் நாலு பேரையும் இறங்கச் சொன்னார். அவர்கள் மற்றவர்களைப் பார்த்தார்கள். வாய்தாக்காரர்தான் முதலில் "எறங்குங்கப்பா, நேரமாச்சு" என்றார். இறங்கினார்கள். ஓசூர் வருவதற்குள் இரண்டு பேருக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். நன்றி சொல்ல வரவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து என் கம்பளியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இத மொதநாளே தந்திருக்கலாம்லா," என்றார்.

பிறகு ஒருநாள், தளியில், ரேடியேட்டருக்கு நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் நின்றார்.

"இனிமே என்னய அண்ணன்னு கூப்பிடாத."

"வேற எப்படிக் கூப்புடறது?"

"கூப்பிடவே வேண்டாம். நானே வந்துருவேன்."

என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு எத்தனையோ நாளாகத் தெரிந்த விஷயத்தை யாரோ இப்போதுதான் சொன்னதுபோல் இருந்தது. ரேடியேட்டர் நிறைந்து என் காலில் வழிந்தது. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. ஒரு எருமைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டார்.

நிலக்காரர் சும்மா இருக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் பஸ் முதலாளி டிரைவரை ஊத்தங்கரைப் பக்கம் மாற்றிவிட்டார். அதுவரை யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத நான் முதலாளி வீட்டுக்குப் போய் நின்றேன்.

"என்னையும் அங்கியே போட்டுடுங்க."

"ஏண்டா, அவன் இல்லாட்டி உனக்கு பஸ் ஓடாதா?"

"ஓடாதுங்க."

"அங்க வெயில் கொளுத்தும்டா," என்று மட்டும் சொன்னார். மறுவாரம் போனேன். கொளுத்தத்தான் செய்தது.

ஊத்தங்கரையில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். பக்கத்து வீட்டு அம்மாள், "அண்ணன் தம்பிங்களா?" என்று கேட்டாள். அவர் "இல்ல" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. அந்த அம்மாளும் கேட்கவில்லை. கிணற்றடியில் எங்களைப் பற்றிப் பேச்சு இருந்தது. ஆனால் அவர் பக்கத்தில் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் தனியாகப் போனால் திறப்பார்கள். அது கடைசிவரை முழுசாகத் தீரவில்லை. ஒரே வித்தியாசம், நான் சிரித்துவைப்பதை விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, என் அம்மா ஒரு பெண்ணின் ஜாதகத்தோடு வந்து இறங்கினாள். நாலு நாள் தங்கினாள். அவர் சமைத்ததைச் சாப்பிட்டாள். எனக்குக் காய்ச்சல் கண்டபோது அவர் டியூட்டிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். ஜாதகம் பையிலேயே இருந்தது. ஐந்தாம் நாள் காலை, பஸ் ஏறுமுன் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அவரிடம் போனாள்.

"அவனுக்குக் காரம் ஆவாதுப்பா. கொழம்புல மொளகாய கொறச்சிப் போடு."

"சரிங்கம்மா," என்றார்.

குறைக்கவில்லை. நான்தான் பழகிக்கொண்டேன்.