காட்டாத மிளகுப் பாட்டு

மலைமேல் தேவனூர் நாட்டில் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, சொந்தக் காசில் கேசட் போட்டு, செம்மேட்டுச் சந்தையில் தானே நின்று விற்ற ஆள் சின்னக்கண்ணு ஒருவர்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். இருபத்து மூன்று பாட்டும் நெஞ்சுக்குள்தான். தாளில் ஒன்றும் கிடையாது.

போன தை மாதம் பாட்டுக்காரர் சங்கத்திலிருந்து ஜீவானந்தம் பைக்கில் வந்தார்.

"ஏனுங்க, உங்க பாட்டை இன்டர்நெட்டுல யார் யாரோ போடறாங்க. ஒவ்வொருத்தரையா நீங்க போய்க் கேக்க முடியுமுங்களா? சங்கத்துல பதிஞ்சுட்டா எல்லாருக்கும் நாங்களே அனுமதி கொடுத்து, உங்க பங்கை வாங்கித் தருவோமுங்க."

"என் பாட்டுக்கு நீங்க அனுமதி கொடுத்தா, அப்ப நான் யாருங்க?"

"நீங்கதானுங்க சொந்தக்காரர்."

"சொந்தக்காரன்கிட்ட எதுக்குங்க கையெழுத்து?"

மகள் கோகிலவாணி அவர் நீட்டிய படிவத்தைப் படித்துவிட்டு, "சரியாத்தானுங்கப்பா இருக்குது" என்றாள்.

"நீ சும்மா இரு கண்ணு. சிரிச்சுக்கிட்டே மலையேறி வாரவன் சும்மாவா வாரான்?"

புது வியாபாரிக்கு எடுத்த எடுப்பில் நல்ல மிளகு மூட்டையை எந்த மலைக்காரனும் அவிழ்த்துக் காட்டமாட்டான். இரண்டாந்தரத்தைக் காட்டி, ஆளை எடைபோட்ட பிறகுதான் மற்றது. சின்னக்கண்ணுவும் அப்படித்தான் இருபத்திரண்டு பாட்டைச் சொல்லி, பாட்டுக்கு ஒரு கையெழுத்துப் போட்டார். சந்தையே பாடிய மிளகுக்கொடிப் பாட்டை மட்டும் மறைத்துக்கொண்டார்.

ஆடி மாதம், அவர் பாடி மகள் யூடியூபில் போட்டிருந்த அந்தப் பாட்டு காணாமல் போனது. பாட்டு தங்களுடையது என்று ஏதோ ஓர் ஆடியோ கம்பெனி எழுதிக்கொடுத்து எடுக்க வைத்ததாம்.

சின்னக்கண்ணு உடனே ஜீவானந்தத்துக்குப் போன் போட்டார். "என் மூட்டையை அவனுக்கு வித்துட்டீங்கல்ல?"

"ஐயா, நீங்க கொடுத்த இருபத்திரண்டும் பத்திரமா இருக்குதுங்க. இது நம்ம பட்டியல்லயே இல்லீங்களே! உங்க பாட்டுன்னு தெரிஞ்சாத்தானே நான் சண்டை போட முடியும்?"

போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கோகிலவாணி தகப்பனைப் பார்த்தாள். "இருபத்திரண்டா? எனக்கே இருபத்து மூணு தெரியுமேங்கப்பா."



மறுநாளே ஜீவானந்தம் மலையேறி வந்தார். "இப்பவும் எதிர்த்து எழுதலாமுங்க. பழைய கேசட் இருக்குதுங்களா?"

டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தது. அட்டையில் மீசை முறுக்கிய சின்னக்கண்ணு; கீழே பேரும் வருசமும்.

"இது போதுமுங்க! கொடுங்க, ஆபீசுல சேத்தர்றேன்."

ஜீவானந்தம் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சின்னக்கண்ணு கேசட்டை இடுப்பு வேட்டியில் சொருகிக்கொண்டு பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"நானும் வாரேன். இருபத்து மூணாவது கையெழுத்து அங்கதான்."

மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வரும்வரை, ஒவ்வொரு வளைவிலும், அவருடைய ஒரு கை இடுப்பைத் தொட்டுப் பார்த்தபடியே இருந்தது.