நுளம்புக் கோயில்

மழை விட்டபின் எழும் ஈர மண்ணின் மணத்தோடு, பச்சைச் சுருள் ஒன்று கனன்று விடும் கசந்த புகையும் சேர்ந்தால்தான் எனக்கு வெள்ளவத்தை. கடல் காற்றும் காலி வீதி பஸ் புகையும் அதற்குப் பிறகுதான். மாலை ஆறு மணிக்கு எங்கள் ஒழுங்கையில் நுளம்பு கடிக்காமலிருக்க வீட்டுக்கு வீடு அந்தச் சுருளை ஏற்றி வாசலில் வைப்பார்கள். பெரியவர்கள் அதைக் "கொயில்" என்பார்கள். ஐந்து வயதுத் தம்பியின் காதில் அது "கோயில்" என்று விழுந்திருக்கிறது. "அம்மா, நுளம்புக் கோயில் கொளுத்தேல்லையோ?" என்று தினமும் கேட்பான். அவனைத் திருத்துவதற்குள் வீடு முழுக்க அப்படியே சொல்லப் பழகிவிட்டது. ஒருநாள் அதன் கீழே விழுந்திருந்த சாம்பலை மூன்று விரலால் எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, "நுளம்புச் சாமி, அக்காவைக் கடியுங்கோ, என்னைக் கடியாதேங்கோ" என்று கண்ணை மூடிக் கும்பிட்டான். பாவி, என் தலையில்தான் கை வைத்தான்!

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தவர். "எங்கட ஊரிலை பூச்சி வெளியிலை, மனுசர் உள்ளுக்கை. இஞ்ச ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்கை" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. மாடி வீடொன்றின் கீழ்ப்பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம்; அப்பா காலையில் கந்தோருக்குப் போனால் இருட்டும் நேரத்தில்தான் வருவார், ஆகவே பூச்சிகளோடான போருக்கு அம்மாதான் தளபதி. நாட்காட்டியை மற்றவர்கள் நல்லநாள் பார்க்கத் திருப்புவார்கள், அம்மா பூச்சி பார்க்கத் திருப்புவார். சித்திரை வெயிலுக்கு எறும்பு. வைகாசி மழை தொடங்கினால் ஈசல், அன்றைக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு முற்றத்தில் தண்ணீர்ச் சட்டிக்கு நடுவே ஒரு விளக்கை மட்டும் வைப்பார். மாம்பழம் மலிந்தால் அதை மொய்க்க இலையான். ஐப்பசி, கார்த்திகைக்கு நுளம்பு. தை பிறக்கும்போது அரிசிப் பானையில் வண்டு, அதற்குச் செத்தல் மிளகாயும் காய்ந்த வேப்பிலையும். கரப்பொத்தான் மட்டும் மாதம் பார்க்காது. பன்னிரண்டு மாதமும் எங்களோடு குடியிருந்தது, அம்மாவின் விளக்குமாற்றுக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கொடுத்தது.

எல்லாவற்றிலும் எறும்பின்மேல்தான் அம்மாவுக்குத் தீராத கோபம். "எறும்பூரக் கல்லுந் தேயுமாம், எங்கட சீனிப்போத்தல் தேயாதோ?" என்பார். சீனிப்போத்தலை மூடாமல் விட்டால், "வெத்திலை வைச்சுக் கூப்பிட்டனீங்களோ எறும்பை?" என்று குசினி அதிரக் கேட்பார். சாப்பாட்டு அலுமாரியின் நாலு காலும் நாலு டின்பால் பேணிகளுக்குள் நிற்கும், பேணி நிறையத் தண்ணீர். எறும்பு நீந்தாது, அவ்வளவுதான் தத்துவம். அதில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள் என்று பக்கத்து வீட்டார் சொன்னதற்கு, பாலும் சோறும் மணக்கும் என்று அம்மா சம்மதிக்கவில்லை. பதிலாக வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவும்போது அந்தத் தண்ணீரை ஊற்றி, பேணியைத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். பதினொரு வயது ஆனதும் அந்த வேலை என்னிடம் வந்தது. எனக்கு அதில் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை, சுவரோரத்துப் பின்காலின் பேணியை நான் இழுத்தபோது, தம்பி தரையில் குப்புறப் படுத்து அதற்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கறுப்பு நூல் துண்டுகள் போலச் சில, வளைந்து நெளிந்து மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தன. "அக்கா, மீன்குஞ்சு! ஊத்தாதேங்கோ!" என்றான். மீன்தொட்டி வேண்டும் என்று அவன் மாதக்கணக்காக அழுதுகொண்டிருந்த காலம் அது. இந்த வீட்டில் நாங்கள் இருக்கிறதே பெரிய பாடு, மீன் வேறையோ என்று அம்மா மறுத்திருந்தார். அது மீனில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் நுளம்பின் புழுவுக்குப் படம் இருந்தது, கீழே "நுளம்புக் குடம்பி" என்று எழுதியும் இருந்தது. ஆனாலும் அவன் சோற்றுப் பருக்கை ஒன்றை நசித்துப் பேணிக்குள் போட்டு, "சாப்பிடுங்கோ" என்று கெஞ்சியதைப் பார்த்த பிறகு ஊற்ற எனக்குக் கை வரவில்லை. மற்ற மூன்று பேணிகளையும் கழுவினேன். "நாலையும் மாத்தினியோ பிள்ளை?" என்று அம்மா கேட்டதற்கு, "ஓம் அம்மா" என்றேன். அடுத்த வெள்ளியும் அதே கேள்வி, அதே "ஓம் அம்மா".

அதற்குப் பிறகு வந்த கிழமையில் தம்பிக்குக் காய்ச்சல். முதல் நாள் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்றான். களுபோவில ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். அம்மா அவனோடேயே தங்கிவிட, அப்பா காலையும் மாலையும் போய் வந்தார். "பிளேட்லெட்" என்ற சொல்லை நான் அப்போதுதான் முதலில் கேட்டேன். அது இறங்குது, இன்னும் இறங்குது என்று அப்பா பக்கத்து வீட்டாரிடம் தாழ்ந்த குரலில் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அது ஏதோ கிணற்றுக்குள் இறங்கும் வாளி என்று நினைத்துப் பயந்தேன். தம்பி செத்துப்போவானோ என்று ஒருவரிடமும் கேட்கத் துணிவில்லை.

ஐந்தாம் நாள் குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு போக அம்மா வீட்டுக்கு வந்திருந்த நேரம், சுகாதாரப் பரிசோதகர் வந்தார். டெங்கு கண்ட வீடுகளைப் பார்க்க வருவது அவர்களுடைய வழக்கம். பூச்சட்டி, கூரைப் பீலி, குளியலறை வாளி எல்லாம் பார்த்துவிட்டுக் குசினிக்குள் வந்து குனிந்தார். பின்காலின் பேணிக்குள் டோர்ச் வெளிச்சம் விழுந்தது. "மதுரு கீடயோ, நோனா" என்றார் சிங்களத்தில். நுளம்புக் குடம்பி, அம்மா. பகலில் கடிக்கிற இந்த நுளம்புதான் பிள்ளையைப் படுக்கையில் போட்டது, கிழமைக்கொரு தடவை தண்ணீர் மாற்றினால் வந்திருக்காது என்று அவர் சொன்னார். காய்ச்சலையும் பேணியையும் சேர்த்துப் பார்க்க அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றவேயில்லை.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "மட்ட அமத்தக்க வுணா, மாத்தயா" என்றார். எனக்கு மறந்துபோச்சு, ஐயா. வாழ்நாளில் ஒரு சீனிப்போத்தல் மூடியைக்கூட மறக்காத மனுசி அப்படிச் சொன்னார். பிறகு பேணியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய் மணலில் ஊற்றிக் கவிழ்த்து வைத்தார்.

தம்பி பிழைத்தான். வீட்டுக்கு வந்ததும் முதலில் அலுமாரியடிக்குப் போய் மீன்குஞ்சைத் தேடினான். "அது கடலுக்குப் போயிட்டுது ராசா" என்றார் அம்மா. அவனைப் பார்க்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மாமி, அப்பாவின் அக்கா, சும்மா இருக்கவில்லை. "ஊருலகத்துப் பூச்சியெல்லாம் கலைக்கிற மனுசி, பேணித் தண்ணியை மறந்திட்டாவாம்! ஆனைக்கும் அடி சறுக்குமோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். அம்மா தேத்தண்ணீர்த் தட்டை நீட்டியபடி நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் என்னை விடவில்லை.

பேணி வேலை அதோடு போயிற்று. அம்மா நாலு காலுக்கும் அடியில் எறும்புச் சோக்குக் கட்டியால் கோடு கீறினார். அன்று மாலையே தீப்பெட்டியையும் கொயிலையும் என் கையில் தந்து, "இனி நீதான் கொளுத்த வேணும். நீ கொளுத்தினாத்தான் எனக்கு நம்பிக்கை" என்றார். வீட்டை விட்டுக் கலியாணம் முடித்துப் போகும் வரை நான்தான் கொளுத்தினேன். நம்பிக்கை என்ற அந்தச் சொல் ஒவ்வொரு மாலையும் என்னைச் சுட்டது. தெரியாமல் சொல்கிறாரே, தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று.

இப்போது நான் கல்கிசையில் ஏழாம் மாடியில் இருக்கிறேன். மூன்று மாதத்துக்கொரு தடவை முகமூடி போட்ட இரண்டு பேர் வந்து, மணமில்லாத மருந்து அடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். எறும்பு வராது, ஈசல் வராது. எந்த மாதத்துக்கு எந்தப் பூச்சி என்று என் மகளுக்குத் தெரியாது. வெள்ளவத்தை வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அம்மாவும் போய்விட்டார். போன மாதம், ஒரு வருஷம் முடிந்து, அவருடைய ஆட்டைத் திவசம். கனடாவிலிருந்து வரமுடியாத தம்பி போனில் முகம் காட்டினான். படையலைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. "தம்பி, உனக்கு டெங்கு வந்தது என்னாலைதானடா. அந்தப் பேணித் தண்ணியை நான் ஊத்தேல்லை. அம்மாவுக்கும் சொல்லேல்லை" என்று அழுதுவிட்டேன்.

"என்ரை மீன்குஞ்சோ?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "அக்கா, அம்மாவுக்கு அப்பவே தெரியும். ஆஸ்பத்திரியிலை, அம்மா குளிக்க வீட்டை வெளிக்கிடேக்கை நான்தான் சொன்னனான். 'அக்கா எனக்காகப் பேணி மீனை ஊத்தாமல் வைச்சிருக்கிறா, ஆர் சோறு போடுறது' எண்டு கேட்டு அழுதனான்."

"அம்மா என்ன சொன்னவ?"

"என்ரை கண்ணைத் துடைச்சுவிட்டவ. பிறகு காதுக்குள்ளை சொன்னவ: 'எனக்குத் தெரியும் எண்டு அக்காவுக்குச் சொல்லிப்போடாதை ராசா. அவள் தாங்கமாட்டாள்.'"

அப்படியென்றால் பரிசோதகருக்கு முன்னால் நின்றது தெரிந்துதான். மாமிக்கு முன்னால் தட்டோடு நின்றதும் தெரிந்துதான். தீப்பெட்டியை என் கையில் வைத்ததும் தெரிந்துதான். அம்மா, ஒரு தடவை திட்டியிருக்கலாமே! நானும் உங்கள் மடியில் விழுந்து அழுது முடித்திருப்பேனே.

அடுத்த நாள் மாலை கீழே கடைக்கு இறங்கிப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். பல்கனியில், கடலைப் பார்த்தபடி, ஒன்றைக் கொளுத்தி வைத்தேன். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "என்னம்மா இது? ஏழாம் மாடிக்கு நுளம்பே வாறேல்லை, பிறகேன் கொயில்?"

"கொயில் இல்லை பிள்ளை" என்றேன். "கோயில்."