நைனா மெடிக்கலில் பாஸான கதை

பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, நாள் முழுக்க 'இது கவர் ஆகாது சார்' என்று சொல்வதுதான் என் வேலை. கன்னடத்தில் சொல்வேன், தமிழில் சொல்வேன், தெலுங்கில் சொல்வேன். கேட்பவர்களின் முகம் எல்லா மொழியிலும் ஒரே மாதிரிதான் தொங்கிப்போகும். இதற்காகத் தினமும் கோலார் தங்கவயலிலிருந்து விடியற்கால ரயிலைப் பிடித்துப் போய், பொழுது சாய்ந்த பிறகு ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் லைனில் இருக்கிற எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் வீட்டுக்குத் திரும்புகிறேன். இப்பேர்ப்பட்ட நான், என்னைப் பெற்ற நைனாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு காகிதம் வாங்கப் பட்ட பாட்டைச் சொன்னால், என் கவுண்டருக்கு வந்து திட்டிவிட்டுப் போனவர்களெல்லாம் மனம் குளிரச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நைனா இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போட்டவர். மைன்ஸ் மூடிய பிறகு பெங்களூரில் ஓர் அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேனாக நின்றார். இப்போது எழுபது தாண்டி வீட்டோடு இருக்கிறார். நுரையீரலில் பாறைத்தூசி. ஆனால் என் முன்னால் ஒருநாளும் இரும மாட்டார். இருமல் வரும்போது எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் இருமுவார். எங்கள் லைனில் குழாயில் தண்ணீர் வருவது வாரத்துக்கு ஒருநாள். மீதி ஆறு நாளும் வெறும் குழாயைத் திறந்துவிட்டு இருமுவார். எனக்குக் கேட்கவில்லை என்று அவருக்கு நினைப்பு. பஜாருக்கு நடந்தால் வழியில் நான்கு இடத்தில் நின்று சினிமா போஸ்டர் பார்ப்பார். சினிமாவுக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது.

போன குளிர்காலத்தில் குழாய்ப் பக்கமே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பத்து நாள். ஹெல்த் கார்டு இருந்ததால் அந்தச் செலவு தப்பியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டிலேயே ஆக்ஸிஜன் மெஷின் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த குளிரைத் தாண்டுவது கஷ்டம் என்றார். கார்டை எடுத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியின் கவுண்டருக்கு ஓடினேன். அந்தக் கார்டில் இதயத்தைத் திறந்து தைக்கலாம், மூட்டை மாற்றலாம். வீட்டில் உட்கார்ந்து மூச்சு விட மட்டும் வழியில்லை. கவுண்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, "இது கவர் ஆகாது மேடம்" என்றாள். என் குரலேதான். அப்போதுதான் அந்தக் குரல் எவ்வளவு எரிச்சலானது என்று தெரிந்தது.

பிறகு உதவி தேடி அலைந்தேன். ஓர் ஆபீசில் முதியோர் பென்ஷன் ஃபாரம் கொடுத்தார்கள். அது ஏற்கனவே வந்துகொண்டிருந்தது. இன்னோர் இடத்தில் ஊனமுற்றோர் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்தவர் நைனாவின் கையையும் காலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றார். நான் மூன்று நாள் லீவு போட்டதுதான் மிச்சம்.

கடைசியில் என் கண்ணைத் திறந்துவிட்டவள் பஜாரில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் குடும்பத்தின் மருமகள். கடையில் ஒரு பக்கம் வளையலும் ரிப்பனும், மறுபக்கம் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும். ஊரில் பாதிப்பேரின் ஆதாரும் ரேஷனும் அவள் கையால்தான் நேராகும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே யாருக்கோ பொட்டு எடுத்துக் கொடுத்தாள். பிறகு, இது சுரங்கத் தூசியால் வந்த நோய் என்று மெடிக்கல் போர்டு எழுதிக் கொடுத்தால் மெஷினுக்கும் மாதாந்திர உதவிக்கும் மனுப் போடலாம் என்றாள். அதற்கு அவர் சுரங்கத்துக்குள்தான் வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். எந்த ஆபீசும் சொல்லாததை, வளையல் கடையில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டேன்.

ஆதாரம் நைனாவின் தகரப்பெட்டியில் இருந்தது. பழுப்பு அட்டை போட்ட மெடிக்கல் புத்தகம். வருஷத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு சீல். எல்லா சீலும் 'ஃபிட்'. பெரிய புதையல் கிடைத்த மாதிரி அத்தனை பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு வைத்தேன். இந்த மனிதர் சாகக் கிடக்கிறார் என்ற மனுவுக்குப் பின்னால், இவர் நன்றாக இருக்கிறார் என்று இருபத்தெட்டு சாட்சி. இன்சூரன்ஸில் பதினாறு வருஷ அனுபவம் எனக்கு!

சுரங்கம் ஓடிய நாளில், மெடிக்கல் என்றால் எங்கள் லைனில் பண்டிகைக்கு முந்தின நாள் மாதிரி இருக்கும். கம்பெனி டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார். 'ஃபிட்' என்றால் மறுபடியும் கேஜ் என்கிற சுரங்க லிஃப்டில் ஏறிக் கீழே இறங்கலாம். 'அன்ஃபிட்' என்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் குவார்ட்டர்ஸும் இல்லை. அதனால் முந்தின நாளே அம்மா அதிமதுரத் துண்டை நறுக்கி வைப்பாள். காலையில் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் இருமல் வராதாம். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்து மூச்சை நிதானப்படுத்திக்கொள்ள வேண்டும். மூச்சைச் சின்னச் சின்னதாகக் குடிக்க வேண்டும். ஆண்கள் இதையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொள்வார்கள். எனக்கு எட்டு வயது இருக்கும்போது, இரண்டு வீடு தள்ளி இருந்தவருக்கு அன்ஃபிட் பேப்பர் வந்தது. மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்து, குடியாத்தம் பக்கம் போய்விட்டார்கள். அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அதற்குப் பிறகு அவள் படித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

இதெல்லாம் தெரிந்திருந்தும் போர்டுக்குப் போன அன்று எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. நைனா ஷேவ் செய்துகொண்டார், இஸ்திரி போட்ட சட்டை மாட்டினார். நேரத்தோடு கிளம்பணும் என்று என்னை விரட்டி, ஒரு மணி நேரம் முன்னாலேயே அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார். அவர் கன்னம் லேசாக உப்பியிருந்தது. மிட்டாய் என்று நினைத்தேன். நோயைக் காட்டப் போகிற மனிதர் மாப்பிள்ளை மாதிரி வருகிறாரே என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த இளம் டாக்டரம்மா கன்னடத்தில் இருமல் இருக்கிறதா என்று கேட்டார். நைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஏனூ இல்லா மேடம். சென்னாகிதீனி" என்றார். ஒன்றுமில்லையாம். நன்றாக இருக்கிறாராம். நான் குறுக்கே பேசப் போனேன். பேஷண்ட் பேசட்டும் என்று என்னைக் கையமர்த்தினார்கள். மூச்சு வாங்குகிறதா? இல்லை. மாடி ஏற முடியுமா? எத்தனை மாடி வேண்டும் என்று கேட்டார். வராந்தா முனைவரை நடந்து வரச் சொன்னதும், கூட வந்த நர்ஸையே முந்திக்கொண்டு போய் வந்தார். மூச்சின் பலத்தை ஊதிப் பார்க்கும் மெஷின் அன்றைக்கென்று ரிப்பேர். எக்ஸ்ரேயில் ஏதோ தழும்பு இருக்கிறது, ஆனால் ஆள் நன்றாக இருக்கிறார், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதிவிட்டார்கள். நான் பின் போட்டு வைத்த ஜெராக்ஸையும் புரட்டினார் டாக்டரம்மா. ஃபிட், ஃபிட், ஃபிட். நான்கு மாதம் நான் நாயாய் அலைந்ததை நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டார் மனிதர்.

வெளியே வந்து திரும்பியதும் ஒரு கட்டைச் சுவரில் சரிந்து உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்துப்போயிருந்தது. மூச்சு திரும்பியதும் முதலில் சொன்னது இதுதான்:

"பாத்தியாமா? ஒரு இருமல்கூட இல்ல. பாஸ்."

பஸ்ஸில் அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். யார் பார்த்தால் எனக்கென்ன? பெருமை தலைக்கேறிய கிழவர், பெற்ற பெண்ணின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளப் பிறந்தவர் என்றெல்லாம் சொன்னேன். முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நைனா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, மீதி அதிமதுரத்தைச் சப்பிக்கொண்டே வந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

ஆறு மாதம் ஓடியது. மறுபடி குளிர் நெருங்கிக்கொண்டிருந்தது. வளையல் கடைக்காரி மனுவைத் திரும்பப் போட்டுக் கொடுத்தாள். இந்தத் தடவை மெடிக்கல் புத்தகத்தின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் போதும், நடுவில் இருப்பதை வைக்காதீர்கள் என்றாள். கூடவே, "அக்கா, நைனாவுக்கு இரும சொல்லிக் குடுங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் வகுப்பு நடந்தது. நான் டாக்டர், அவர் நோயாளி. இருமல் இருக்கிறதா என்று கேட்பேன். இருக்குது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம். நல்ல பிள்ளையாகத் தலையாட்டுவார். கேள்வி கேட்டதும் வாயில் "ஏனூ இல்லா" என்றுதான் வரும். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

இரண்டாவது தடவை, போர்டு வாசலில் நைனாவை நிற்கவைத்துப் பையைச் சோதித்தேன். சட்டைப் பையில் ஒரு அதிமதுரம், கன்னத்தில் ஒன்று. வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டு எடுத்துப் போட்டேன். எதிர்க்கவில்லை. உள்ளே போனதும் அதே "ஏனூ இல்லா மேடம்". ஆனால் அன்றைக்கு ஊதும் மெஷின் வேலை செய்தது. முழு பலத்தோடு ஊதுங்கள் என்றார்கள். இதிலும் பாஸாக வேண்டுமே என்று நைனா கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். இரண்டாவது ஊதலில் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது ஊதலில் எல்லாம் கிழிந்துகொண்டு வந்தது. வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் தேடுவதுபோலக் கை முன்னால் துழாவியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார், இருமினார், நிற்கவே இல்லை. மூன்று டாக்டர்களும் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா மூச்சு முட்டித் தவிப்பதைப் பார்த்து, அப்பாடா என்று நினைத்த மகள் நான். நினைத்தது நினைத்ததுதான், மறைக்கப் போவதில்லை.

சில வாரத்தில் சர்டிஃபிகேட் வந்தது. வளையல் கடைக்காரி லேமினேட் போட்டுக் கையில் கொடுத்து, "கங்கிராட்ஸ்க்கா" என்றாள். கடையில் நின்றிருந்த இரண்டு பேரும் கை கொடுத்தார்கள். நைனாவின் நுரையீரல் பெரும்பகுதி போய்விட்டது என்று எழுதிய காகிதத்தைப் பரீட்சை மார்க் ஷீட் மாதிரி தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மெஷினுக்கு அன்றே மனுப் போட்டாயிற்று, குளிருக்கு முன்னால் வந்துவிடும் என்றாள். நைனாவை உட்கார வைத்து, இங்கிலீஷில் இருந்ததை வரிக்கு வரி தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். காகிதத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, சீலைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தைக் கழற்றினார். துண்டால் துடைத்து, அதே துண்டில் சுற்றினார்.

"வூட்ட எப்பம்மா காலி பண்ணணும்? எத்தினி நாள் டைம் குட்த்துக்கிறாங்க?"

முதலில் சிரித்துவிட்டேன். கம்பெனி மூடி இத்தனை வருஷமாயிற்று, காலி பண்ணச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"உனுக்கு தெரியாதுமா. மொதல்ல பேப்பர்தான் குடுப்பாங்க. நீ படிச்சிக்கினு இருந்த, அதான் நான் வுடாம புடிச்சிக்கினு இருந்தேன்."

பஸ்ஸில் நான் திட்டியதெல்லாம் வரிசையாக எனக்கே திரும்பி வந்தது. பெருமை பிடித்தவராம். அந்த இருபத்தெட்டு சீலில் பாதி, நான் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்திருந்த வருஷங்கள். அதை ஜெராக்ஸ் எடுத்து அவருக்கு எதிராகவே பின் போட்டிருக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் வீடு போய்விட்டது என்றே முடிவு கட்டிவிடுவார். பதினாறு வருஷமாகக் கவுண்டரில் முகம் மாறாமல் பேசிப் பழகியது அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது.

"வூடு என் பேருக்கு மாத்தியாச்சு நைனா. எனக்கும் மெடிக்கல் எடுத்தாங்க. நான் ஃபிட்டு."

"பொம்பளைங்கள எடுக்கறாங்களா இப்ப?"

"எடுக்கறாங்க."

என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். நம்பினாரா, எனக்காக நம்புகிற மாதிரி இருந்தாரா, இன்றுவரை தெரியாது. துண்டைப் பிரித்து, அம்மாவின் படத்தை ஆணியில் மாட்டினார். நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இருமல் வந்தது. பின்பக்கம் போக எழுந்திருக்கவில்லை. அங்கேயே, என் முன்னாலேயே, வாயைக்கூடப் பொத்தாமல் முழுசாக இருமினார். நான் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.