இடது புருவம்

என் வீட்டில் டிவிக்கு மேலே ஆணியில் என் முகம் தொங்குகிறது. வெள்ளை பிளாஸ்டர் முகம். கண்ணும் வாயும் மூடியிருக்கும். இடது புருவத்தில் மட்டும் என்னுடைய நிஜ முடி நாலைந்து ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் "என்ன ஒரு அமைதி" என்பார்கள். நான் காபி போட உள்ளே போய்விடுவேன்.

அதைச் செய்தவர் காக்ஸ் டவுனில் நான் வீட்டு வேலை பார்த்த மேடம். தொண்ணூறுகளின் நடுவில் என்று நினைவு. அந்த வீட்டுக் கொடியில் துணிக்குப் பதில் கயிற்றுப் பொம்மைகள் தொங்கும். ஜன்னல் விளிம்பில் விரல் நீள மண் சிலைகள் காயும். முகமூடிக்காகப் பழைய பேப்பரை ஊறவைத்துக் கூழாக்குவதும் என் வேலைதான். ஒரு நாள் மேடம் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "நாடகத்துக்கு ஒரு அம்மா முகம் வேணும். உன் மூஞ்சில அச்சு எடுக்கட்டுமா? அரை மணிதான். வேற வேலை இருக்கா?"

வேலை இருந்தது. அன்றைக்கு மூன்றரை மணி ரயிலில் என் அக்கா, தன் மகனோடு பம்பாய்க்கே குடிபோகிறாள். எங்களுக்குள் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. கேன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது வந்து முகம் பார்த்துவிட்டுப் போகும்படி அவளே ஆள் விட்டிருந்தாள். இதை மேடத்திடம் சொல்ல எனக்குக் கூச்சம். மணி இரண்டுதானே, முடித்துவிட்டு ஓடலாம் என்று, "இல்ல மேடம்" என்றேன்.

பாயில் படுக்கவைத்து, முகத்தில் வாசலின் தடவி, மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டு பிளாஸ்டரைப் பூசினார். "பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. முடியலைன்னா கையைத் தூக்கு." முதலில் சில்லென்று இருந்தது, பிறகு இறுகி, உள்ளே சூடேறியது. எடுக்கும்போது இடது புருவம் மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. அங்கே வாசலின் தடவ மறந்திருக்கிறார். "தப்பு என்னுதும்மா. எண்ணெய் விட்டு மெதுவா எடுக்கணும், நேரமாகும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. அவசரம்னா கையைத் தூக்கு, அச்சை உடைச்சுடலாம்."

கை வயிற்றின் மேல் சும்மாதான் கிடந்தது. யாரும் கட்டிப் போடவில்லை. அவ்வளவு பாடுபட்டுச் செய்ததை உடைக்கச் சொல்ல நான் யார் என்று இருந்துவிட்டேன். அப்போதுதான் வீட்டுக்குப் பின்னால் போகும் ரயில் பாதையில் அந்த மூன்றரை மணி வண்டியின் ஹார்ன் கேட்டது. கிட்டத்தில் ஒரு தரம், தள்ளி ஒரு தரம். மூடிய கண்ணில் நீர் வந்தது. அதற்கும் வெளியே போக வழியில்லை.

மறுவாரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன். "மூஞ்சில பிளாஸ்டர் ஒட்டிக்கிச்சுக்கா. அதான் வரமுடியல."

"ஏண்டி, பொய்யாவது ஒழுங்கா சொல்லக் கூடாதா? கொட்டற மழைல ஜன்னலைக்கூட மூடாம உக்காந்திருந்தேன்டி" என்று அக்கா வைத்துவிட்டாள். அடுத்த வருஷம் அவள் இல்லை.

மேடத்திடம் கடைசிவரை சொல்லவில்லை. இந்த முகத்தை என்னிடம் கொடுக்கும்போது, "இந்த அமைதி யாருக்கும் வராதும்மா" என்றார். நல்ல மனசு.

இன்றும் அந்த ரயில் பாதைக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். மத்தியானத்தில் ஹார்ன் கேட்டால், டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் என் வலது கை மடியிலிருந்து தானாக எழும்புகிறது.

"என்ன அத்தே, ஏதாவது வேணுமா?" என்கிறாள் மருமகள்.

ஆணியில் தொங்கும் முகத்தைப் பார்க்கிறேன்.

"ஒண்ணுமில்லம்மா" என்று கையை இறக்கிவிடுகிறேன்.