தொமிசாகாவுக்கு ஊதிய பாதிப் பாட்டு

கையில் டிரம்பெட் இருக்கிறது, ஊத மூச்சும் இருக்கிறது, ஆனால் ஊதக் கூடாத நேரம். அப்படி உட்கார்ந்திருப்பவரால், மைதான நடுவில் தனியாக அடிவாங்கும் ஒருவனுக்கு என்ன செய்ய முடியும்? அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. குரமோச்சிக்கும் தெரியவில்லை.

குரமோச்சி எங்கள் துறைமுக ஊரில் சலவைக்கடை வைத்திருப்பவர். மற்ற நாளெல்லாம் சட்டைக் காலர்களோடு மல்லுக்கட்டுவார். ஊர் பேஸ்பால் அணிக்கு ஆட்டம் இருந்தால், பச்சை மேலங்கியை மாட்டிக்கொண்டு மைதானத்தின் கடைசி மலிவு வரிசையில், நானும் இருக்கும் உற்சாகக் குழுவோடு நிற்பார். மட்டை பிடிக்கும் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு தனிப்பாட்டு உண்டு. அவன் பெயரை அறிவித்ததும் அதை ஊத வேண்டும். பந்து வீசுபவர்கள் மட்டையால் பெரிதாக எதையும் கிழிப்பதில்லை என்பதால் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாட்டுதான். மேளம் அடிக்கும் ஓனிஷி என்ற பெண் அதை ‘ரேஷன் பாட்டு’ என்று கேலி செய்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் அணிக்குப் பந்து வீசும் தொமிசாகா களத்துக்குத் திரும்பி வந்தான். ஒருகாலத்தில் அவன் பந்து வந்த வேகத்துக்கு எதிரணியினர் மட்டையெடுக்கவே பயந்தார்கள். பிறகு தோள் போயிற்று. அறுவைச் சிகிச்சை, இரண்டாம் அணி, மறுபடி அறுவைச் சிகிச்சை. அவன் பெயர் போட்ட துண்டு விற்ற கடைகளில் வேறு பெயர்கள் தொங்கின. இந்த ஆட்டமும் சொதப்பினால் அவ்வளவுதான் என்று ஊருக்கே தெரியும்.

அவன் அம்மா ஃபுமியே, குரமோச்சியின் கடையில் இஸ்திரி போடுபவர். மைதானத்துக்கு வரச் சொல்லி எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. கடை மூடியிருக்கிற நாளில் வலிய வந்து, இஸ்திரி மேசையருகே ரேடியோவை வைத்துக்கொண்டு நின்றார்.

“முதலாளி, அவன் மட்டையெடுத்து வர்றப்ப நல்லா பலமா ஊதுங்க. ரேடியோல சத்தம் கேக்கும். அது கேட்டா எம்புள்ள இன்னும் களத்துல நிக்கிறான்னு தெரிஞ்சுக்குவேன்.”

ஊதுகிறேன் என்று குரமோச்சி வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

முதல் சுற்றில் தொமிசாகா எதிரணியின் மூன்று பேரை வரிசையாக அவுட்டாக்கி அனுப்பினான். பக்கத்து இருக்கைக் கிழவர் பீரைக் கொட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கக்கூட மறந்து கைதட்டினார். இரண்டாவது சுற்றில் தோள் இறங்கிவிட்டது. கடைசி வரிசையிலிருந்தே அது தெரிந்தது: ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் கையை உதறிக்கொண்டான். அடுத்தடுத்து அடி விழுந்தது. எதிரணிக்கு ஐந்து ரன்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. எதிரணி மட்டை பிடிக்கும்போது எதிரணியின் மேளமும் டிரம்பெட்டும்தான் முழங்கும். நம் குழு வாயைத் திறக்கக் கூடாது. யாரும் எழுதிவைத்த சட்டமல்ல, ஆனால் மீறியவனை அப்புறம் குழுவில் சேர்க்க மாட்டார்கள். பந்து வீசுபவன் நிற்பதோ அந்த நேரத்தில்தான். அதனால் நல்லா அடிப்பவனுக்குப் பாட்டு கிடைக்கும். அடிபடுகிறவனுக்கு எதிரியின் பாட்டுதான் கிடைக்கும். இத்தனை வருடம் ஊதிய குரமோச்சிக்கு அது அன்றுதான் உறைத்தது. டிரம்பெட் மடியில் கிடந்தது. ஊதுவாயை உள்ளங்கையில் பொத்திச் சூடாகவே வைத்திருந்தார்.

“அண்ணே, அத ஏன் குஞ்சு பொரிக்கிற மாதிரி அணைச்சுக்கிட்டே இருக்கீங்க?” என்றாள் ஓனிஷி.

அவர் பொத்திய கையை எடுக்கவில்லை. அவளும் பிறகு கேலி செய்யவில்லை.

ஒருவழியாகச் சுற்று முடிந்து நம் அணி மட்டை பிடித்தது. இருவர் அவுட், இருவர் ஓடத் தயாராக பேஸ்களில் நின்றார்கள். அடுத்த ஆள் தொமிசாகா. தலைக்கவசம் போட்டு, மட்டையோடு காத்திருக்கும் வட்டத்துக்கு வந்து ஒரு முழங்காலில் உட்கார்ந்தான். குரமோச்சி எழுந்தார். அவன் எழுந்தான். அவர் மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தார்.

அப்போது பயிற்சியாளர் உள்ளே பெஞ்சிலிருந்து கையசைத்தார். தொமிசாகா திரும்பிப் பார்த்தான். மட்டையைக் கையில் தொங்கவிட்டபடி உள்ளே நடந்தான். ஒலிபெருக்கி அவனுக்குப் பதிலாக வேறொருவன் பெயரைச் சொன்னது; இனி அந்த ஆட்டத்தில் தொமிசாகா மறுபடி இறங்க முடியாது.

குழுத் தலைவர் அந்தப் புதியவனின் பாட்டுக்குச் சைகை காட்டினார். ஆனால் குரமோச்சி இழுத்த மூச்சு வேறு பாட்டுக்கானது. டிரம்பெட்டிலிருந்து ரேஷன் பாட்டுதான் வந்தது. முதல் வரி, இரண்டாம் வரியில் பாதி. மேளம் சேரவில்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தது. தலைவர் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். அவர் நிறுத்தினார். பிறகு சரியான பாட்டை, எல்லோரோடும் சேர்ந்து, ஒரு சுரம் பிசகாமல் ஊதினார். உள்ளே பெஞ்சில் தொமிசாகா தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் குரமோச்சி கடைக்குப் போனபோது ரேடியோ அணைந்திருந்தது. ஃபுமியேவின் முகம் மலர்ந்திருந்தது.

“கேட்டுச்சு முதலாளி. முதல் வரி கேட்டதுமே அணைச்சிட்டேன். அதுக்கு மேல கேக்க தைரியம் இல்ல. எப்படி அடிச்சான்?”

என்ன பொய் சொன்னாலும் ராத்திரிச் செய்தி வரைக்கும்தான் தாங்கும். குரமோச்சி மேலங்கியைக் கழற்றி, மடித்து, மறுபடி பிரித்தார்.

“அடிக்கல, ஃபுமியேம்மா. வேற ஆள இறக்கிட்டாங்க.”

“அப்ப அந்தப் பாட்டு?”

“அவனுக்குத்தான். ஊதியிருக்கக் கூடாது.”

ஃபுமியே இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். ஏற்கெனவே தேய்த்த சட்டையையே மறுபடி தேய்த்தார். இதை மகனிடம் தன்னால் சொல்ல முடியாது என்றார்; வெளியே அனுப்பியதை நினைவூட்டுவது போலாகிவிடும். குரமோச்சியும் சொல்லப்போவதில்லை. ஒரு சலவைக்காரரை எந்த ஆட்டக்காரன் பக்கத்தில் விடுவான்?

அதனால்தான் கேட்கிறேன். இதைப் படித்தவர்கள் இன்னொருவரிடம் சொல்லுங்கள். அவர் பேஸ்பால் பார்க்காதவராக இருந்தாலும் பரவாயில்லை. கைமாறி வாய்மாறி என்றைக்காவது தொமிசாகாவிடம் போய்ச் சேரட்டும்: அன்று வேறொருவன் முறையில் ஒலித்துப் பாதியில் நின்ற அந்தப் பாட்டு, அவனுடையது.