பெரிய போர்டா, சின்ன போர்டா?

எங்கள் அத்தானுக்குக் கண் பரிசோதிக்கும் வேலை. கண்ணாடிக் கடையின் உள்ளறையில் ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்து வரிசை, நடுவில் அவர். வருகிறவர் மூக்கில் அந்தக் கனமான வட்டச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்பார். யாராவது தயங்கினால் அவருக்குப் பிடிக்காது. "யோசிக்காதீங்க, முதல்ல என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க" என்று விரட்டுவார். ஊரில் பாதிப் பேர் அவர் விரட்டிய விரட்டில்தான் இன்று எதிரே வரும் வண்டியைப் பார்த்து ஒதுங்குகிறார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக்கு ஒரு வாளி வாங்க வேண்டும் என்றால் பருவமே மாறிவிடும். கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன், அவருக்குத் தாராளமான கைதான். மோசமான பொருள் வந்துவிடுமோ என்ற பயமும் கிடையாது. இதைவிட நூலளவு நல்லது எங்கேயோ ஓர் அலமாரியில் உட்கார்ந்திருக்குமே, அதைத் தவறவிட்டு விடுவோமே என்ற பயம். போன கோடையில் கூடத்து மின்விசிறி கெட்டுப்போனது. இறக்கையின் சாய்வு, மோட்டாரின் இரைச்சல் எல்லாவற்றையும் அவர் ஆராய்ந்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. எதைக் கேட்டாலும் "பொறு" என்று சொல்வதால் அவருக்கு நான் வைத்த பெயர் பொறு அத்தான். நான் அக்காவின் தங்கை. துணிக்கடையில் பில் போடுகிறேன், அவர்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கிறேன். இருக்க இடம் கொடுத்தவரைக் கேலி செய்யலாமா என்று கேட்காதீர்கள். வாடகை கொடுத்துத்தான் கேலி செய்கிறேன்.

அக்காவுக்கு வீட்டிலிருந்தே வேலை. அலமாரி செய்யும் ஒரு கம்பெனிக்காக, சமையலறையும் படுக்கையறையும் கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவாள். எங்கள் கம்ப்யூட்டரோ கிழடு தட்டிப்போனது. ஒரு சமையலறையை முழுப் படமாக்கச் சொல்லிவிட்டு அவள் நிஜச் சமையலறைக்குப் போய்க் குழம்பு வைத்து இறக்கிவிட்டு வந்தாலும், திரையில் பாத்திரம் கழுவும் தொட்டி மட்டும்தான் வந்திருக்கும். படத்தை வேகமாக வரையும் கிராபிக்ஸ் கார்டைப் போன வருடம் அக்காவே, அத்தான் ஊரில் இல்லாத நாள் பார்த்து, வாங்கிப் போட்டாள். அதற்கு ஈடுகொடுக்க உள்ளே இருந்த மற்ற எதற்கும் தெம்பில்லை.

இதற்கிடையில் கம்பெனியின் மேலாளர் போனில் கூப்பிட்டார். இனிமேல் வாடிக்கையாளரை எதிரே வைத்துக்கொண்டே படத்தை மாற்றிக் காட்ட வேண்டுமாம். 'அந்தக் கதவை இந்தப் பக்கம் வையுங்கள்' என்று அவர் சொன்னால் கதவு அங்கேயே, அப்போதே நகர வேண்டும். மாதக் கடைசி ஞாயிறன்று ஒரு தங்கும் விடுதி முதலாளிக்கு வீடியோ அழைப்பில் அப்படிக் காட்டுவதாக ஏற்பாடு. "உங்க மெஷின் தாங்காதுன்னா பரவாயில்லைம்மா, தலைமை ஆபீசுக்கு வந்துடுங்க. ஹாஸ்டல் இருக்கு, வாரத்துக்கு ஒருதடவை வீட்டுக்குப் போய்க்கலாம்" என்றார்.

அக்கா போனை வைத்துவிட்டு அத்தானிடம் சொன்னாள். அவர் முகம் விழுந்துவிட்டது. "ஹாஸ்டலா? அதெல்லாம் வேணாம். மதர்போர்டு, பிராசசர், மெமரி மூணையும் மாத்திடலாம். நான் பார்த்துக்கறேன்" என்றார். அந்த 'நான் பார்த்துக்கறேன்' என்பதைக் கேட்டதும், பெட்டியைக் கட்டத் தொடங்கு என்று அக்காவுக்குக் கண் காட்டினேன்.

நான் நினைத்தது போலவே ஆயிற்று. அத்தான் வேலையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் வீடியோ பார்க்க உட்கார்ந்துவிடுவார். பிராசசர் செய்வது இரண்டே கம்பெனிகள், ஆனால் அவை போடும் குட்டிகளுக்குக் கணக்கில்லை. ஒன்றைப் பிடித்துப்போய் முடிவு செய்யப் போகும் நேரத்தில், "அடுத்த மாசம் புதுத் தலைமுறை வருதாம், பொறு" என்பார். பிராசசர் மாறினால் அது உட்காரும் சாக்கெட் மாறும், சாக்கெட் மாறினால் போர்டு மாறும், போர்டு மாறினால் பழைய மெமரி அதில் சொருகவே சொருகாது. பட்டனுக்காகச் சட்டை தைக்கிற கதையாக அது நீண்டுகொண்டே போயிற்று. சாப்பாட்டு மேசையில் ஒருநாள் எனக்கு வகுப்பே எடுத்தார்.

"பிராசசர்ங்கறது அடுப்பு மாதிரி. மெமரிங்கறது பக்கத்துல இருக்கற மேடை. காய், மசாலா எல்லாம் கைக்கு எட்டற மாதிரி பரப்பி வெச்சுக்கணும்ல? மதர்போர்டுதான் மொத்தச் சமையலறை."

அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அடுப்பு நாலு வேணும், மேடை நீளமா வேணும். தினம் பத்துப் பேருக்கு இதைத்தான் வரைஞ்சு குடுக்கறேன். இதுல யோசிக்க என்னங்க இருக்கு?"

"இருக்கு. பொறு."

கம்ப்யூட்டர் கடைக்காரரும் எங்களால் படாத பாடு பட்டார். எப்போதும் உதட்டில் இரண்டு ஸ்குரூவைக் கவ்விக்கொண்டு வேலை செய்வார் என்பதால் அவரை எல்லோரும் ஸ்குரூ அண்ணன் என்பார்கள். அதனாலேயே அவர் வாயிலிருந்து முழு வாக்கியம் வந்து யாரும் கேட்டதில்லை. அத்தான் படியேறுவதைக் கண்டால் பேசாமல் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அத்தான் அதில் உட்கார்ந்து அட்டைப் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவார்.

மாதக் கடைசி சனிக்கிழமையும் வந்தது. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு நேரே கண்ணாடிக் கடைக்குப் போனாள். வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே நுழைந்தாள். அத்தான் நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டார்.

"நீயா? கண்ணுல என்ன?"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீங்க உக்காருங்க."

அவரை நாற்காலியில் உட்கார வைத்து, அந்த வட்டச் சட்டத்தை அவர் மூக்கிலேயே மாட்டினாள். "ரெண்டு ரெண்டா கேப்பேன். முதல்ல என்ன தோணுதோ அதைச் சொல்லணும். பிராசசர் ஆறு கோரா, எட்டு கோரா?"

"எட்டு. ஆனா..."

"ஆனா கிடையாது. மெமரி முப்பத்திரண்டா, அறுபத்துநாலா?"

"அறுபத்துநாலு. இல்ல, இப்ப விலை..."

"பெரிய போர்டா, சின்ன போர்டா?"

"பெருசு! பெருசு!"

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பெரியவர் "சார் எனக்கும் இப்படித்தான் கேப்பாரும்மா" என்று தன் மனக்குறையை ஆற்றிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் மூன்று அட்டைப் பெட்டிகளும் வாங்கியாயிற்று. தானே பூட்டித் தருவதாக ஸ்குரூ அண்ணன் கை நீட்டினார். அத்தான் விடவில்லை. இத்தனை வீடியோ பார்த்தது வீணாகிவிடும் அல்லவா?

ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்துத் துணி விரித்தார். கம்ப்யூட்டரின் பழைய இரும்புப் பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் கழற்றினார். புதுப் பிராசசரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் இடத்தில் வைத்தார். சூட்டைக் கடத்த அதன் தலையில் பூசும் பசையைப் பட்டாணி அளவு வைப்பதா, பெருக்கல் குறி போடுவதா என்று யோசிக்க ஆரம்பித்தவரை அக்கா ஒரு பார்வை பார்த்தாள். பட்டாணியாகவே வைத்துவிட்டார். பிறகு போர்டைத் தூக்கிப் பெட்டிக்குள் இறக்கினார். இறங்கவில்லை. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்குப் போர்டு வெளியே நின்றது.

கோரின் சூடு முதல் மெமரியின் வேகம் வரை எல்லாவற்றையும் படித்தவர், அதைப் போடப்போகும் பெட்டியின் அளவை மட்டும் பார்க்கவில்லை. அதுவாவது போகட்டும். ஒரு பிரிட்ஜுக்கு இடம் விட மூன்று தடவை டேப் பிடிக்கும் என் அக்கா, பெரிய போர்டா சின்ன போர்டா என்று வாயால் கேட்டவள், அவளும் பார்க்கவில்லை. கண் பார்க்கிறவரும் அளவு எடுக்கிறவளும் ஒரே வீட்டில் இருந்தால் இப்படித்தான் போலிருக்கிறது. சிரித்துவிட்டேன். அக்கா அழுதுவிடுவாள் போலிருந்ததால் சட்டென்று வாயை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. விடுதி முதலாளி அழைப்பில் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"நான் ஆபீசுக்கே போன் பண்ணிச் சொல்லிடறேன். அங்கயே வந்துடறேன்னு" என்றாள் அக்கா, மெதுவாக.

அத்தான் போர்டு வந்த அட்டைப் பெட்டியை மேசையில் கவிழ்த்து, அதன் மேலேயே போர்டைப் படுக்க வைத்தார். ஒயர்களைச் சொருகினார். ஆன் பண்ணும் பட்டன் பழைய பெட்டியோடு போய்விட்டதால், போர்டின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த இரண்டு கம்பிகளை ஸ்குரூ டிரைவர் முனையால் ஒன்றாகத் தொட்டார். பிராசசர் மேலிருந்த குட்டி விசிறி சுற்றியது.

திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அக்காவால் தாங்க முடியவில்லை. "எரிஞ்சு போச்சுங்க!" என்று சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினாள்.

"பொறு!" என்று கத்தினார் அத்தான். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "புது மெமரி முதல் தடவை பழகிக்க நேரம் எடுக்கும். அணைச்சா முதல்லேருந்து ஆரம்பிக்கும். தொடாதே."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன 'பொறு'க்களில் உருப்படியானது அது ஒன்றுதான். திரையில் வெளிச்சம் வந்தது.

விடுதி முதலாளி அழைப்பில் வந்தபோது அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குடல் வெளியே தெரிய கம்ப்யூட்டர். அதை யாரும் இடித்துவிடாதபடி அத்தான் இரண்டு கையையும் விரித்துக் காவல் நின்றார். விடுதி முதலாளி கதவை நகர்த்தச் சொன்னார், நகர்ந்தது. ஜன்னலைப் பெரிதாக்கச் சொன்னார், ஆயிற்று. கடைசியில் அலமாரி நிறத்தில் வந்து மாட்டிக்கொண்டார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அடுத்த மாசம் புது நிறம் வருதுன்னு சொல்றாங்க. யோசிச்சுச் சொல்லட்டுமா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. "சார், புதுசு மாசாமாசம் வரும். வந்துகிட்டேதான் இருக்கும். இடதுபக்கம் இருக்கறதை எடுத்துக்கங்க!"

சொன்னவர் அத்தான்தான். சொல்லிவிட்டுத் தானே அதிர்ந்துபோய் நின்றார். விடுதி முதலாளி ஒரு கணம் விழித்தார், அப்புறம் சிரித்தார். "சரி, அதுவே இருக்கட்டும்." சற்று நேரத்தில் மேலாளர் போன் செய்து, அக்கா வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார்.

எனக்குச் சந்தோஷத்திலும் கோபம்தான் வந்தது. "ஏன் அத்தான், இதை முதல் நாளே வாங்கியிருந்தா இந்தப் பாடு உண்டா? அக்கா போயிடுவாங்கற பயம்கூடவா உங்களுக்கு இல்ல?"

அவர் ஸ்குரூ டிரைவரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்தப் பயத்துலதான் வாங்கல. தப்பா வாங்கி, அது தாங்காம போச்சுன்னா இவ போயிடுவாளே. நானே வாங்கிக் குடுத்து அனுப்பிவெச்ச மாதிரி ஆயிடுமே."

அக்கா அவர் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"புதுப் பெட்டி நீங்களே பாருங்க. மெதுவாவே பாருங்க" என்றாள். "அளவு மட்டும் நான் எடுத்துத் தரேன்."

அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.