அரை ஜாண் குறைந்த ஒயர்

எழுத்து வேலை எனக்கு வராது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடை விண்ணப்பமும் பட்டறையில் லீவு கேட்டு நாலு வரியும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன், முகம் தெரியாதவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்து கதை சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் அக்கா, தன் புருஷன் வண்டியிலிருந்து விழுந்த கதையை மறுபடியும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கதையில் அக்காவுக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. இருபது வருஷமாக அதை வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அது சுனாமிக்கு முந்தின வருஷம். எனக்கு முப்பத்திரண்டு வயது. தண்டையார்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ராயபுரத்தில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை அறையில் தங்கியிருந்தேன். சாப்பாடு அக்கா வீட்டில். அவள் வீட்டுச் சுவருக்கும் என் அறைச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற அகலத்தில் சந்து. அங்கேதான் மாமாவின் பழைய புல்லட் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. மாமாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அது பழைய வண்டி.

மாமா மூட்டை ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தவர். ஒரு நாள் வேலையில் வலது தோளில் அடிபட்டது. தோள் கூடிவிட்டது, ஆனால் கையில் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. டீ கிளாஸைக் கையில் வாங்கினால் விளிம்பில் சின்னதாக அலை அடிக்கும். அதன் பிறகு எர்ணாவூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்குப் பார்க்கிற வேலைக்கு மாறி, பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார். பஸ்ஸை அவருக்குப் பிடிக்காது. கம்பியைப் பிடித்தால் கை நடுங்குவதைப் பக்கத்தில் நிற்பவர்கள் பார்ப்பார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சந்துக்குக் கூட்டிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார்.

"ஓட வெச்சிக் குடு மச்சான். முன்ன எப்டி இருந்துச்சோ அப்டி. வேற ஒண்ணும் வேணாம்."

அக்கா அடுப்படியிலிருந்தே கேட்டுவிட்டாள்.

"யோவ், கை நடுங்கற மனுசன் பின்னாடி நான் ஒக்காரணுமா? எனக்கு இன்னா உசுரு கசந்தா கீது?"

"ஒரு தபா ஓட்டிக் காட்டறேன்டி. அப்பால சொல்லு."

இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அக்கா பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னாலேயே தீர்ப்புச் சொன்னாள். "ஆயுத பூஜ அன்னிக்கி மெயின் ரோடு வரிக்கும் போய்ட்டு ஒயுங்கா திரும்பி வா. வந்துட்டன்னா நானே பின்னாடி ஏறி ஒக்காந்துகினு திருவொத்தியூர் கோயிலுக்கு வரேன். இல்லாங்காட்டி வண்டி காயலாங்கடைக்கு. அப்பால பேச்சே கெடையாது."

மாமா சரி என்றார். அவருக்கு அது வெறும் வண்டி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எல்லாம் செய்தேன்.

நாலு மாதம் அந்தச் சந்திலேயே என் சாயங்காலங்கள் போயின. உப்புக்காற்றில் ஒவ்வொரு போல்டும் வெல்டு வைத்த மாதிரி பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தட்டி, மறுபடி ஊற்றிக் கழற்றினேன். பின்சக்கர மட்கார்டை அழுத்தித் துடைத்தபோது விரல் மறுபக்கம் வந்துவிட்டது. என்ஜினைப் பிரித்து, சிலிண்டரை எங்கள் பட்டறையிலேயே கடைந்தேன். டேங்குக்குப் பெயின்ட் அடித்தால் காய்வதற்குள் துறைமுகக் கரித்தூள் வந்து படிந்துவிடும். மூன்றாவது தடவை அக்காவின் புடவைகளை நனைத்து, சந்தின் இரண்டு முனையிலும் திரை கட்டினேன். தூளெல்லாம் புடவையில் ஒட்டிக்கொண்டது. அக்கா அந்தப் புடவைகளை என் தலையில் போட்டாள். ஆனால் டேங்கு கண்ணாடி மாதிரி வந்தது.

அதுவரை தெருவில் என்னை யாரும் நின்று விசாரித்ததில்லை. வேலைக்குப் போவேன், வருவேன். கறுப்பு டேங்கு வெயிலில் நின்ற நாளிலிருந்து ஆட்கள் நின்றார்கள். "அண்ணாத்த, நீயா பண்ணே? சொல்லவே இல்ல!" என்றார்கள். நான் துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைப்பேன். ஆனால் அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போனது. இன்னும் வேண்டியிருந்தது.

சலூன் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். வெளிநாட்டு வண்டி. அதன் ஹேண்டில் தோள் உயரத்துக்கு எழும்பி, ஓட்டுகிறவன் ராஜா மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருப்பான். முடி வெட்டிக்கொள்ளும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பேன். மாமாவின் வண்டிக்கு அப்படி ஒன்று செய்வது என்று முடிவு செய்தேன். மாமா கேட்கவில்லை. முன்பு இருந்த மாதிரியே வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார்.

குழாயை வெறுமனே வளைத்தால் நசுங்கிவிடும். உள்ளே மணலைக் கெட்டித்து, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, சூடு காட்டி மெதுவாக வளைக்க வேண்டும். மணலில் ஈரம் இருந்தால் சூட்டில் கட்டை குண்டு மாதிரி பறக்கும். அதனால் காசிமேட்டில் மணல் அள்ளி வந்து அக்காவின் இரும்புச் சட்டியில் வறுத்தேன்.

"டேய், மீன் வறுக்கற சட்டியில மண்ண வறுக்கிறியேடா! இன்னிக்கி இன்னா, மண்ணுக் கொயம்பா?"

"உப்பு போடத் தேவல," என்றார் மாமா. "கடல் மண்ணு."

அன்று மூன்று பேரும் சிரித்தோம்.

ஹேண்டிலை மாட்டியதும் மாமா சுற்றிச் சுற்றி வந்தார். "இன்னா மச்சான், ஆட்டுக்குக் கொம்பு மொளச்சாப்புல கீது?"

"தோளுக்கு நல்லது மாமா. குனிய வேணாம்."

அந்த நிமிஷத்தில் தோன்றிய பொய் அது. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். தன் தோளுக்காக யோசித்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், முகம் இளகிவிட்டது. "நீ சொன்னா சரி," என்றார்.

ஹேண்டில் உயர்ந்தால் அதிலிருந்து இறங்குகிற ஒயர்கள் எல்லாம் நீளமாக வேண்டும். புதுப்பேட்டையில் போய் வாங்கினேன். முதலில் வாங்கிய கிளட்ச் ஒயர் எட்டவில்லை, மாற்றினேன். பிறகு பிரேக் ஒயர் எட்டவில்லை, மறுபடி போனேன். கடைக்காரர் மற்ற வாடிக்கையாளர்கள் முன்னால் சத்தமாகக் கேட்டார்: "இன்னாபா, அளவெடுத்துகினு வர மாட்டியா? பொண்ணு பாக்க வராப்புல சும்மா சும்மா வந்துகினு கீறியே?" கடையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு ஆக்சிலேட்டர் ஒயரை மாட்டினேன். அரை ஜாண் குறைச்சல். ஹேண்டில் நேராக இருந்தால் ஒன்றும் தெரியாது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடதுபக்கம் முழுக்கத் திருப்பினேன். ஒயர் விறைத்துக்கொண்டது. கைப்பிடியை நான் தொடாமலே என்ஜின் சத்தம் ஏறியது. நேராக்கினேன், இறங்கியது. மறுபடி திருப்பினேன், ஏறியது.

அடுத்த நாள் கடை இருந்தது. எனக்கு நேரமும் இருந்தது. ஆனால் மூன்றாவது தடவையாக ஒயர் மாற்ற அந்தக் கடைப்படி ஏற என்னால் முடியவில்லை. வேறு கடையில் கேட்கலாம் என்றால், அவர் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஓடுகிற வண்டியில் யார் ஹேண்டிலை முழுக்கத் திருப்பப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூஜை முடியட்டும், பிறகு மாற்றலாம். மாமாவிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் ஹேண்டிலைக் கழற்றச் சொல்வாரோ என்று பயம்.

பூஜை அன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம், ஹேண்டிலுக்கு நடுவே சாமந்தி மாலை. இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, முழுக்கையை மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருந்தார். நடுக்கம் தெரியாமல் இருக்க. தெருவில் தண்ணீர் லாரிக்காகப் பெண்கள் குடங்களை வரிசை வைத்திருந்தார்கள். அந்த வருஷம் தண்ணீர்ப் பஞ்சம். கைப்பம்பிலிருந்து எங்கள் வாசல் வரை வண்ணவண்ணமாகப் பிளாஸ்டிக் குடங்கள்.

ஒரே உதையில் என்ஜின் பிடித்தது. முன்சக்கரப் பழம் நசுங்கியது. பின்சக்கரத்துப் பழம் பிதுங்கிச் சாக்கடையில் ஓடியது. மாமா போனார். டப் டப் என்ற சத்தம் மெயின் ரோடு வரைக்கும் போய், கொஞ்சம் மங்கி, திரும்பி வந்தது. எந்தத் தடுமாற்றமும் இல்லை. முதுகு நிமிர்ந்து, முகமெல்லாம் பல்.

"ஏறுடி!" என்றார்.

"இருய்யா, வண்டிய ரோட்டப் பாத்துத் திருப்பு. பூ எடுத்துகினு வரேன்."

அவர் வண்டியை வாசலில் திருப்பினார். குறுகலான தெரு. ஒரே மூச்சில் திருப்ப வேண்டுமென்றால் ஹேண்டிலை இடதுபக்கம் முழுக்க ஒடிக்க வேண்டும். ஒடித்தார். சத்தம் ஏறியது. நான் வாசலில் நின்றிருந்தேன், எல்லோருக்கும் முன்பே எனக்குத் தெரிந்தது. "மாமா, நேரா" என்று கத்த வாய் எடுத்தேன். அதற்குள் வண்டி எகிறிக் குட வரிசைக்குள் போய்விட்டது. குடங்கள் படார் படாரென்று உடைந்தன. வண்டி ஒரு பக்கமும் மாமா ஒரு பக்கமும் விழுந்தார்கள்.

முழங்கையில் சிராய்ப்பு, வேட்டியில் கிழிசல். அவ்வளவுதான். அக்கா பூவோடு வாசலில் நின்றாள்.

"என் கொடம்!" என்று ஒரு அம்மா ஓடி வந்தாள். "கையி ஒயுங்கா இல்லாதவனுக்கு இன்னாத்துக்குயா வண்டி? பேஜாரு புடிச்ச மனுசா! எங்கொயந்தைங்க யாராச்சும் நின்னுருந்தா?"

"பின்னாடிப் பழம் நசுங்கல, நான் அப்பவே பாத்தேன்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"பழம் இல்லண்ணா, கெழம்," என்று யாரோ சொல்ல, சிரிப்புக் கிளம்பியது. மாமாவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது.

நான் வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டில் போட்டேன். அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், ஹேண்டிலைத் திருப்பிக் காட்டியிருந்தால் போதும். ஒரு வார்த்தை கூடப் பேச வேண்டாம். என்ஜினை உதைத்து, ஹேண்டிலை இடதுபக்கம் தள்ளியிருந்தால் வண்டியே சொல்லியிருக்கும். நான் உடைந்த குடங்களைப் பொறுக்கப் போனேன்.

மாமா வாசற்படியில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா காயத்துக்கு மஞ்சள் வைத்தாள், திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார்.

"நான்தான் முறுக்கிட்டேன் மச்சான். முறுக்கினது எனக்கே தெரில. கையி தானா பண்ணிடுச்சி. வண்டி மேல தப்பே இல்ல. நாலு மாசம் ஒயச்ச, ஒரு நிமிசத்துல பாழாக்கிட்டேன். மன்ச்சுக்க."

நான் சொன்னேன்: "பரவால்ல மாமா."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அவர் செய்யாத தப்பை நான் மன்னித்தேன். அவரும் தலையாட்டி அதை வாங்கிக்கொண்டார்.

மாமா இன்றைக்கும் டீ கிளாஸை இரண்டு கையாலும்தான் பிடிக்கிறார். பேத்தியை ஒரு தடவை சைக்கிளில் உட்கார வைக்கச் சொன்னார்கள். "வேணாம்பா, என் கைய நம்ப முடியாது," என்று விலகிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் புத்தகம் படிக்கிறவர் இல்லை. யாராவது இதைப் படித்துக் காட்டினால் காட்டட்டும்.

பூஜைக்கு மறுநாள் விஜயதசமி. மாமாவுக்கு ஷிப்ட் இருந்தது, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆறு மணி பஸ்ஸில் போனார். நான் புதுப்பேட்டைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் நீளமான ஒயரைக் கொடுத்தார். மாட்ட அரைமணி நேரம் ஆனது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன், சத்தம் ஏறவில்லை. மூன்று மணிக்குக் காயலாங்கடைக்காரர் மினி லாரியோடு வந்தார். "ஹேண்டில் ஷோக்கா கீதே, யாரு பண்ணது?" என்றார். "என் தம்பி," என்றாள் அக்கா. நான் பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிட்டேன். மாமா ஏழு மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார்.